கார்ட்டூன் பாத்திரங்களை வைத்து கிறிஸ்துமஸ் கொலாஜ்: ஒட்டியது தெரியாமல் அமைப்பது எப்படி?

ஒரு பனிமனிதன், ஒரு கலைமான், பரிசுப்பெட்டியை அணைத்தபடி நிற்கும் ஒரு கரடிக்குட்டி. மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவந்து வைத்தாயிற்று. ஆனாலும் அட்டையில் மூன்று ஸ்டிக்கர்களை ஒட்டியது போலத்தான் இருக்கிறது. முதல் கொலாஜ் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சோர்ந்துவிடுகிறார்கள். தங்களுக்கு வரையத் தெரியாததுதான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது உண்மையில்லை. கத்தரித்த ஓரமும் காலடி நிழலும் சரியாக அமைந்துவிட்டால், வரையவே தெரியாதவர் செய்த படத்திலும் அந்த மூவரும் ஒரே பனியில் ஒன்றாக நிற்பார்கள்.

இந்த விளக்கத்துக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய திட்டம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்), மாஸ்க் (லேயரின் ஒரு பகுதியை அழிக்காமல் மறைக்கும் திரை) என்ற வசதிகள் இருந்தால் இதே வழியில் செய்யலாம்.

முதல் படி: பாத்திரங்களைத் தேர்ந்தெடுப்பது

தேடுபொறியில் கண்ணில் பட்ட படத்தையெல்லாம் எடுத்துவிடாதீர்கள். புகழ்பெற்ற கார்ட்டூன் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. மிக்கி மவுஸின் 1928ஆம் ஆண்டுத் தோற்றம் அமெரிக்காவில் 2024 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுடைமையானது, அதாவது பதிப்புரிமை நீங்கி யாரும் பயன்படுத்தலாம் என்றானது. அதற்குப் பிந்தைய தோற்றங்களில் பல இன்னும் பாதுகாப்பில் இருக்கின்றன. ஓப்பன்கிளிப்பார்ட் தளத்தில் பொதுவுடைமையாக விடப்பட்ட படங்கள் ஏராளம். நீங்களோ உங்கள் குழந்தையோ தாளில் வரைந்ததை ஸ்கேன் செய்தால் இன்னும் நல்லது.

உரிமையைப் போலவே முக்கியமானது, யாரும் சொல்லித் தராத ஒன்று: கோட்டின் தடிமன். கார்ட்டூன் உருவத்தைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது அல்லவா? ஒரு உருவத்தில் அது 8 பிக்சல் (படத்தின் மிகச்சிறு புள்ளி) தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அந்த உருவத்தைப் பாதியாகச் சுருக்கினால் கோடும் 4 பிக்சலாக மெலிந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பாத்திரத்தின் கோடு 8 பிக்சலாகவே இருந்தால், இரண்டும் வெவ்வேறு புத்தகத்திலிருந்து வெட்டியவை என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஆகவே முடிந்தவரை ஒரே ஓவியரின் ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள், அளவை மிகவும் மாற்றாதீர்கள். வேறு வழியில்லை என்றால் மெலிந்த கோட்டைத் தடிமனாக்கலாம். மூன்றாம் படியில் சொல்வதுபோல் உருவத்தைக் கத்தரித்த பிறகு, அந்த லேயரில் ‘ஆல்ஃபா டு செலக்ஷன்’ கொடுத்து உருவத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, செலக்ட் மெனுவில் ‘குரோ’ மூலம் 3 பிக்சல் விரித்து, அடியில் ஒரு புதிய லேயர் சேர்த்து அதே கோட்டு நிறத்தை நிரப்புங்கள். வெளிக்கோடு கனத்துவிடும்.

இரண்டாம் படி: பின்னணி

5 அங்குலத்துக்கு 7 அங்குலம் என்ற வாழ்த்து அட்டை அளவில் தொடங்குங்கள். அகலவாக்கில் 2100 × 1500 பிக்சல், ரெசல்யூஷன் அங்குலத்துக்கு 300 பிக்சல். பிறகு அச்சிட நினைத்தாலும் படம் மங்காது. மேலே ஆழ்ந்த நீலம், கீழே வெளிறிய நீலமாக ஒரு கிரேடியன்ட். கீழ்ப்பகுதியில் தனி லேயரில் வெள்ளைப் பனிமேடு ஒன்று, தூரத்தில் இரண்டு மூன்று பைன் மரங்கள். இதற்கு மேல் வேண்டாம். பின்னணி நிரம்பி வழிந்தால் பாத்திரங்களுக்கு மூச்சுவிட இடமிருக்காது.

இப்போதே ஒரு முடிவை எடுத்துவிடுங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? இடது மேல்மூலையில் நிலா என்றால், எல்லா நிழலும் வலப்பக்கம்தான் விழ வேண்டும்.

மூன்றாம் படி: கத்தரிப்பது

இங்கே அவசரமே கூடாது. எஸ்விஜி (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுப்பட வடிவம்) வடிவில் கிடைக்கும் படமென்றால் பின்னணி பெரும்பாலும் இருக்காது, திறக்கும்போதே வேண்டிய அளவைக் கொடுத்துவிடலாம். ஜேபெக் படத்தில்தான் வேலை இருக்கிறது, ஏனென்றால் அந்த வடிவத்தில் ஒளி ஊடுருவும் பகுதி என்பதே கிடையாது. வெள்ளைப் பின்னணியும் படத்தோடு சேர்ந்தே வரும்.

‘ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்’ மூலம் படத்தைக் கொண்டுவந்ததும் லேயர் மெனுவில் ‘ஆட் ஆல்ஃபா சேனல்’ கொடுங்கள். இதை மறந்தால், அழித்த இடத்தில் வெற்றிடம் வராமல் ஒரு நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு யு விசையை அழுத்தி ‘ஃபஸி செலக்ட்’ கருவியால் வெள்ளைப் பகுதியைத் தொடுங்கள். தேர்வு அமைந்ததும் உடனே டெலீட்டை அழுத்தாதீர்கள். ‘குரோ’ மூலம் 1 பிக்சல் விரித்துவிட்டு அதன் பிறகு அழியுங்கள். கோட்டின் விளிம்பில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் பிக்சல்கள் ஒரு வரிசை இருக்கும். அதை எடுக்காவிட்டால் பாத்திரத்தைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் நிற்கும். என் முதல் கொலாஜில் கலைமானின் கொம்பு முழுக்க இந்த வளையம் இருந்தது. வெள்ளைத் திரையில் வைத்துக் கத்தரித்ததால் எனக்குத் தெரியவில்லை. இரவு நீலத்தின் மேல் வைத்த பிறகுதான் பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து கத்தரிக்கும்போது அடியில் ஒரு கருநீல லேயரை எப்போதும் வைத்துக்கொள்கிறேன்.

பனிமனிதனுக்கு இன்னொரு எச்சரிக்கை. உடலும் வெள்ளை, பின்னணியும் வெள்ளை. வெளிக்கோட்டில் ஒரே ஒரு பிக்சல் இடைவெளி இருந்தாலும் தேர்வு அதன் வழியே உடலுக்குள் வழிந்துவிடும், டெலீட்டை அழுத்தினால் வயிறு காணாமல் போகும். அப்படி நேர்ந்தால் கண்ட்ரோல் இசட்டால் பின்வாங்கி, இடைவெளியைச் சிறிய பிரஷால் அடைத்துவிட்டு மீண்டும் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: நிறுத்துவது

அருகில் இருப்பவர் பெரியதாகவும் சற்றுக் கீழேயும், தூரத்தில் இருப்பவர் சிறியதாகவும் சற்று மேலேயும் நிற்கட்டும். மூவரையும் ஒரே கோட்டில் வரிசையாக நிறுத்தாமல், ஒருவர் தோள் இன்னொருவரைக் கொஞ்சம் மறைக்கும்படி வையுங்கள். அந்தச் சிறு மறைப்பிலேயே உறவு வந்துவிடுகிறது.

தொப்பி மாட்டுவதில்தான் எனக்குத் தனி மகிழ்ச்சி. கரடிக்குட்டியின் தலையில் சிவப்புத் தொப்பியை வைத்தால் அது காதையும் சேர்த்து மூடிவிடும். தொப்பி லேயருக்கு ஒரு வெள்ளை மாஸ்க் சேர்த்து, காது இருக்கும் இடத்தில் கறுப்புப் பிரஷால் தடவுங்கள். தடவிய இடத்தில் தொப்பி மறைந்து, காது முன்னால் வரும். அதிகமாகத் தடவிவிட்டால் வெள்ளையால் தடவுங்கள், தொப்பி திரும்பி வந்துவிடும். மாஸ்கில் எதுவும் உண்மையாக அழிவதில்லை. அழிப்பான் கருவியைத் தொடாமல் இதையே பழகிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தரையில் ஊன்றுவது

எனக்கு ஒரே ஒரு படிக்குத்தான் நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், இந்தப் படியைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அடியில் ஒரு புதிய லேயர். காலடியில் தட்டையான நீள்வட்டத் தேர்வு ஒன்று, வலப்பக்கம் சற்று நீண்டிருக்கட்டும். தேர்வின் ஓரத்தை மென்மையாக்கும் ‘ஃபெதர்’ 30 பிக்சல். கருநீலத்தால் நிரப்புங்கள். கறுப்பு வேண்டாம், பனியில் விழும் நிழல் நீலம் பாய்ந்ததாகத்தான் இருக்கும். லேயர் மோடை (அடியிலுள்ள நிறத்தோடு கலக்கும் முறை) ‘மல்டிப்ளை’ ஆக்கி, ஒபாசிட்டியை, அதாவது லேயரின் அடர்த்தியை, 50 விழுக்காட்டுக்குக் குறையுங்கள். அதன் மேல் இன்னொரு சிறிய நீள்வட்டம், பாதத்தை ஒட்டியபடி, ‘ஃபெதர்’ 8 மட்டும், கொஞ்சம் அடர்த்தியாக. பாதம் தரையைத் தொடுகிறது என்று கண்ணுக்குச் சொல்வது இந்தச் சிறிய நிழல்தான்.

அடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் சேர்த்து, மென்மையான வெள்ளைப் பிரஷால் பாதங்களின் அடிப்பகுதியைக் கொஞ்சம் மூடுங்கள். கால் பனியில் புதைந்துவிடும். மிதந்துகொண்டிருந்த கலைமானுக்கு அந்தக் கணத்தில் எடை வருவதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கும்.

ஆறாம் படி: ஒரே இரவாக்குவது

வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த நிறங்களை இணைக்க, மேலே ஒரு லேயர் முழுவதும் நீலம் நிரப்பி, மோடை ‘சாஃப்ட் லைட்’ என்று வைத்து, ஒபாசிட்டியை 15 முதல் 20க்குள் நிறுத்துங்கள். கண்ணைப் பறித்த சிவப்பும் பச்சையும் அடங்கி, எல்லாம் ஒரே நிலவொளியில் நனைந்தது போலாகும். வாழ்த்துச் சொற்களை இந்த லேயருக்கும் மேலே எழுதுங்கள், நான்கைந்து சொல் போதும்.

சேமிக்கும்போது இரண்டு கோப்புகள் வேண்டும். லேயர்களோடு கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஒன்று, அனுப்புவதற்கு ‘எக்ஸ்போர்ட்’ வழியாக பிஎன்ஜி ஒன்று. அனுப்பும் முன் திரையில் 25 விழுக்காட்டுக்குச் சுருக்கிப் பாருங்கள், பெறுபவர் கைபேசியில் பார்க்கப்போவது ஏறக்குறைய அந்த அளவில்தான். அதிலும் முகங்கள் தெளிவாகத் தெரிந்தால் அனுப்பலாம். எக்ஸ்சிஎஃப் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். அடுத்த டிசம்பரில் தொப்பியையும் எழுத்தையும் மாற்றினால் புதிய அட்டை தயார்.