அலீஜியன்ஸ்: எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது

என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் விசுவாசம் என்றாலே லாயல்டி என்று எழுதுகிறார்கள். வாக்கியம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று நினைத்தால் அதையே அலீஜியன்ஸ் ஆக்கிவிடுகிறார்கள். அப்படி மாற்றிப் போட முடியாது.

முதலில் உச்சரிப்பு: அ-லீ-ஜன்ஸ். அழுத்தம் 'லீ'யில் விழ வேண்டும். பழைய ஐரோப்பாவில் நிலப்பிரபுவுக்கு அவனுக்குக் கீழே இருந்தவன் பட்ட கடமையைச் சொன்ன சொல் இது. பிறகு அரசருக்கு, அப்புறம் நாட்டுக்கு என்று வந்து சேர்ந்தது. அதனால் நமக்கு மேலே ஒன்று இருந்து, அதற்கு நாம் கட்டுப்பட்டிருக்கும்போதுதான் இது பொருந்தும். நண்பனிடம், கணவன் மனைவியிடம் காட்டுவது லாயல்டிதான்.

காதால் கேட்க நல்ல இடம் சட்டமன்றம். புது உறுப்பினர்கள் பதவியேற்கும்போது கவனியுங்கள். அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் ஆங்கில வாசகம் "பேர் ட்ரூ ஃபெய்த் அண்ட் அலீஜியன்ஸ் டு தி கான்ஸ்டிட்யூஷன் ஆஃப் இந்தியா" என்று வரும். தமிழில் "உண்மையான நம்பிக்கையும் மாறாப் பற்றும்" என்கிறார்கள். மாறாப் பற்று! இதைவிட நல்ல தமிழ் இந்தச் சொல்லுக்கு எனக்குத் தெரியாது. வெறும் பற்று என்றால் நாளைக்கு விட்டுவிடலாம். 'மாறா' என்று வாய்விட்டுச் சொன்னபின் முடியாது.  

அமெரிக்கக் குடியுரிமை வாங்கும் நம்மவர்கள் எடுக்கும் உறுதிமொழியின் பெயரே ஓத் ஆஃப் அலீஜியன்ஸ். பழைய நாட்டுக்கான அலீஜியன்ஸைத் துறக்கிறேன் என்றும் அதில் சொல்ல வேண்டும். அந்த வரியின் பாரம் லாயல்டியில் வராது.

சரி, எழுதும்போது இதைக் கவனியுங்கள்: பின்னால் 'டு' வரும், 'ஃபார்' வராது. முன்னால் ப்ளெட்ஜ், ஸ்வேர், ஓ (owe, கடன்பட்டிருப்பது) ஆகிய வினைகள் இயல்பாக வரும். கட்சி தாவியவரைப் பற்றி எழுத ஷிஃப்ட், ஸ்விட்ச் இரண்டும் பத்திரிகைகளில் புழங்குகின்றன: "ஹி ஸ்விட்ச்ட் அலீஜியன்ஸ் டு தி ரூலிங் பார்ட்டி." ஒருவர் இரண்டு பக்கமும் கட்டுப்பட்டிருந்தால் பன்மையில் டிவைடட் அலீஜியன்சஸ். ஒரே மாதிரி இருக்கிறதே என்று குழம்பி அலிகேஷன் என்று எழுதிவிடாதீர்கள், அது குற்றச்சாட்டு.