கிண்டில், கோபோ ரீடரில் கைவைக்கும் முன்: அவசரத்தில் நடக்கும் தவறுகள்

போன மாதம் மதுரையிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார். "கிண்டில் போயிருச்சுடா, ரெண்டு நாளா ஒரே படத்துல நிக்குது, பட்டனை அமுக்குனா அசையவே மாட்டேங்குது" என்றார். பக்கத்துக் கடையில் காட்டியதற்கு, போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நான் சொன்னது இவ்வளவுதான்: ராத்திரி முழுக்க சார்ஜில் கிடக்கட்டும், காலையில் பவர் பட்டனை 40 நொடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள், கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். மறுநாள் காபி நேரத்துக்கு ஒரு போட்டோ வந்தது. மரத்தடியில் உட்கார்ந்து ஒரு பையன் படிக்கிற அந்தப் படம், கிண்டில் எழுந்திருக்கும்போது வருவது. கீழே "பையன் வந்துட்டான்" என்று எழுதியிருந்தார்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கிண்டில், கோபோ மாதிரி மின்புத்தக ரீடர் விஷயத்தில் நான் பார்த்த சேதத்தில் பெரும்பாலானது நோயால் வந்ததே இல்லை, அவசரப்பட்டு வைத்தியம் பார்த்ததால் வந்தது. இவற்றில் இருக்கும், காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரை கரண்ட் இல்லாமலே படத்தைப் பிடித்து வைத்திருக்கும், பக்கம் மாறும்போது மட்டும்தான் அதற்கு மின்சாரம் வேண்டும். அதனால் திரையில் படம் நிற்கிறது என்பதை வைத்து உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியாது. பேட்டரி அடிமட்டத்துக்கு வற்றிப்போயிருந்தால் சார்ஜரைச் சொருகியதும் உடனே எதுவும் தெரியாது, சில மணி நேரம் ஆகும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு "போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு.

அடுத்தது கேபிள். கம்ப்யூட்டரில் சொருகினால் ரீடர் தெரியவில்லை என்று புலம்பி, டிரைவர், வைரஸ், விண்டோஸ் என்று எங்கெங்கோ தேடுவார்கள். பவர் பேங்கோடு வரும் கேபிள்களில் பல, சார்ஜ் மட்டும் ஏற்றுபவை, டேட்டா போகும் கம்பியே அவற்றில் இருக்காது. வேறு கேபிள் மாற்றிப் பாருங்கள், அதுவும் போனிலிருந்து போட்டோ காப்பி செய்து பழகிய கேபிளாக இருக்கட்டும். அப்புறம், விண்டோஸ் சில நேரம் "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். யோசிக்காமல் ஓகே கொடுத்தால் புத்தகம் எல்லாம் போய்விடும், அதிலும் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் முறையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட் செய்துவிட்டால் ரீடருக்கு அந்த இடமே படிக்கத் தெரியாது. இந்த ரீடர்கள் எதிர்பார்ப்பது ஃபேட்32 என்ற முறை.

திரையில் கோடு விழுந்திருக்கிறதா? சாஃப்ட்வேரில் கைவைக்கும் முன் ஒரு சின்னச் சோதனை இருக்கிறது, இரண்டு நிமிடம்கூட ஆகாது. கிண்டிலில் எதிரெதிர் மூலைகளை ஒரே நேரத்தில் தொட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுக்கும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அதில் கோடு இல்லை, ஆனால் கையில் இருக்கும் திரையில் இருக்கிறது என்றால் பேனல் உடைந்திருக்கிறது, எத்தனை தடவை ரீசெட் செய்தாலும் போகாது. படத்திலும் கோடு இருந்தால் மட்டும்தான் சாஃப்ட்வேர் பக்கம் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் உடைந்த பேனலுக்காக ரீசெட் போட்டு, ஐந்து வருடக் குறிப்புகளை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஃபேக்டரி ரீசெட், அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துப் புதுசு போல ஆக்குவது, கடைசி மருந்து. ஆனால் எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான். கிண்டில் திடீரென்று மந்தமாகி, பேட்டரியும் ஒரே நாளில் தீர்ந்தால் பெரும்பாலும் காரணம் இன்டெக்சிங், அதாவது தேடுவதற்காகப் புத்தகங்களில் உள்ள சொற்களை அது பட்டியல் போடும் வேலை. ஒரே மூச்சில் 500 புத்தகத்தைக் காப்பி செய்திருப்பீர்கள், அல்லது ஏதோ ஒரு ஃபைல் கெட்டுப்போயிருக்கும், அது அந்த ஒரு ஃபைலிலேயே சுற்றிச் சுற்றி நிற்கும். பழைய ஃபர்ம்வேர்களில் (ரீடரை இயக்கும் உள் மென்பொருள்) தேடல் பெட்டியில் எந்தப் புத்தகத்திலும் வர முடியாத ஒரு சொல்லை அடித்துத் தேடினால், இன்னும் இன்டெக்ஸ் ஆகாத புத்தகங்களின் பட்டியலைக் காட்டும். அதில் ஒரே பெயர் மணிக்கணக்கில் நின்றால் அந்தப் புத்தகத்தை நீக்குங்கள், வேலை முடிந்தது.

ரீசெட் செய்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன் காப்பி எடுங்கள். கிண்டிலில் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் "மை கிளிப்பிங்ஸ்" என்று ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், நீங்கள் கோடிட்ட வரிகள், எழுதிய குறிப்புகள் எல்லாம் அதில். கோபோவில் நீங்கள் எடுக்க வேண்டியது, டாட் கோபோ என்ற (பெயர் புள்ளியில் தொடங்கும்) மறைந்த ஃபோல்டரில் இருக்கும் கோபோரீடர் எஸ்க்யூலைட் ஃபைல். கோரீடர் (ரீடரில் தனியாக ஏற்றிக்கொள்ளும் படிப்பு மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கு ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்திலேயே எஸ்டிஆர் என்று முடியும் ஃபோல்டர் இருக்கும், புத்தகத்தை மட்டும் எடுத்துவிட்டு அதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதி 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. வைஃபை ஒழுங்காகப் பிடிக்காத பழைய கிண்டிலை ரீசெட் செய்தால், காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களே திரும்ப வருவது பெரிய பாடு.

சரி, இப்போது ரீடரின் சாஃப்ட்வேரில் மாற்றம் செய்கிறவர்கள் பக்கம் வருவோம். அங்கே நடக்கும் பெரிய தவறு, தன் மாடல் எது என்று தெரியாமல் இறங்குவது. "என்னிடம் பேப்பர்ஒயிட் இருக்கிறது" என்பது போதாது. 2012, 2013, 2015, 2018, 2021, 2024 என்று ஆறு பேப்பர்ஒயிட்கள் வந்திருக்கின்றன, உள்ளே ஒன்றுக்கொன்று வேறு. செட்டிங்சில் டிவைஸ் இன்ஃபோவைத் திறந்து சீரியல் எண்ணையும் ஃபர்ம்வேர் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு ரீடரின் கவருக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு வைத்திருக்கிறேன், திரை வராத நாளில் அந்தச் சீட்டுதான் கைகொடுக்கும். வேறு மாடலின் அப்டேட் ஃபைலைப் போட்டால் கிண்டில் பெரும்பாலும் அதை ஏற்காது, "அப்டேட் யுவர் கிண்டில்" என்ற வரி மங்கலாகவே இருக்கும். அதைப் பார்த்து கிண்டிலில் கோளாறு என்று நினைத்துக்கொண்டு மேலும் மேலும் நோண்ட வேண்டாம். ஃபைலை ஏதாவது ஃபோல்டருக்குள் போட்டாலும் இதே கதைதான், வெளியே, முதல் தட்டில் இருக்க வேண்டும்.

ஜெயில்பிரேக், அதாவது வெளி மென்பொருளை ஏற்ற முடியும்படி கிண்டிலின் பூட்டை உடைக்க, நினைப்பவர்களுக்கு ஃபர்ம்வேர் எண் உயிர்நாடி. 2025 ஜனவரியில் வந்த வின்டர்பிரேக் முறை, 5.18.1 வந்ததும் அடைபட்டது. 5.18.0-இல் இருந்தவர் அன்று ராத்திரி வைஃபையை அணைக்காமல் தூங்கியிருந்தால் காலையில் கதவு மூடியிருக்கும். அதனால் முடிவு செய்த நிமிடமே ஏர்பிளேன் மோடில் போடுங்கள், செய்முறையில் வைஃபை போடச் சொல்லும் இடம் வரும்போது மட்டும் போடுங்கள், உடனே அணைத்துவிடுங்கள், பிறகு கம்ப்யூட்டரில் சொருகி, அந்த இடைவெளியில் அப்டேட் ஃபைல் ஏதாவது பாதி இறங்கியிருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். செய்முறையைப் படிக்கும்போதும் ஒன்று: வீடியோவைப் பார்த்துக்கொண்டே செய்யாதீர்கள். முதலில் கடைசி வரி வரை படித்து முடியுங்கள், தேவையான ஃபைல் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறதா பாருங்கள், அதன் பிறகு கேபிளைத் தொடுங்கள். ஜெயில்பிரேக் முடிந்ததும் ஹாட்ஃபிக்ஸ் போடச் சொல்லியிருப்பார்கள், "அதான் வேலை செய்யுதே" என்று பலர் அதை விட்டுவிடுவார்கள். அப்டேட் ஆன பிறகும் ஜெயில்பிரேக்கைப் பிடித்து வைப்பதே அதுதான்.

கோபோ இந்த விஷயத்தில் மனம் திறந்த பிள்ளை. ஜெயில்பிரேக் என்றெல்லாம் ஒன்றும் தேவையில்லை, கோபோரூட் என்ற டிஜிஇசட் ஃபைலை டாட் கோபோ ஃபோல்டரில் போட்டுவிட்டுக் கேபிளைக் கழற்றினால், அதுவே அதைச் சிஸ்டத்துக்குள் விரித்துக்கொண்டு ரீஸ்டார்ட் ஆகும். நிக்கல்மெனு (கோபோ மெனுவில் புது வரிகள் சேர்ப்பது), கோரீடர் எல்லாம் இப்படித்தான் ஏறுகின்றன. இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் இங்கே கவனம் வேண்டும். அந்த ஃபைலில் என்ன இருக்கிறதோ அது சிஸ்டத்தின் மேல் அப்படியே விரியும், எதையும் மேலெழுதும், ஏன் என்று கேட்காது. யாரோ வாட்ஸப்பில் அனுப்பினார் என்று போட்டுவிடாதீர்கள், அதைச் செய்தவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

ஃபைல் பெயரிலும் தடுக்கி விழுவார்கள். இரண்டாவது தடவை இறக்கினால் பிரவுசர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும், அந்தப் பெயரைக் கோபோ கண்டுகொள்ளாது. மேக்கில் சஃபாரி, இறக்கிய கையோடு தானாகவே அதைப் பாதி பிரித்து டார் ஃபைலாக வைத்துவிடும். பெயரை மட்டும் மாற்றி டிஜிஇசட் என்று போட்டால் ஆகாது, சஃபாரியில் அந்தத் தானியங்கி அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி இறக்க வேண்டும். மேக்கில் புள்ளியில் தொடங்கும் ஃபோல்டர்கள் கண்ணுக்கே தெரியாது, கமாண்ட், ஷிஃப்ட், புள்ளி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் தெரியும். சிலர் ஃபோல்டர் இல்லையே என்று புதிதாக ஒன்றை உருவாக்கப் பார்ப்பார்கள், வேண்டாம்.

காப்பி பார் முழுதாக நிரம்பியதும் கேபிளைப் பிடுங்குவதுதான் இருப்பதிலேயே கெட்ட பழக்கம். நானும் செய்திருக்கிறேன், கிளாரா எச்டி என்ற கோபோ ஒன்றில். திரையில் முடிந்துவிட்டது என்று காட்டினாலும் கம்ப்யூட்டர் கொஞ்சத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதும், எஜெக்ட் கொடுத்தால்தான் மிச்சத்தை எழுதி முடிக்கும். அன்று பாதி எழுதிய ஃபைலோடு அது எழுந்திருக்கப் பார்த்தது, மூன்று நாள் மாலை வேலை போனது. இப்போதெல்லாம் எஜெக்ட் கொடுத்து, கோபோவே "இணைப்பு இல்லை" என்று முகப்புக்கு வந்த பிறகுதான் கேபிளில் கை. ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி சொருகி, கோபோரூட் ஃபைல் காணாமல் போயிருக்கிறதா பாருங்கள். போயிருந்தால் எடுத்துக்கொண்டது என்று அர்த்தம், அங்கேயே இருந்தால் எடுக்கவில்லை.

அந்தக் கிளாராவைக் காப்பாற்றியது ஒரு மைக்ரோ எஸ்டி கார்டு. கோபோ டச், குளோ, ஆரா எச்டி, கிளாரா எச்டி போன்றவற்றின் உள்ளே சிஸ்டமே ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில்தான் இருக்கிறது, பின்மூடியைத் திறந்து கழற்றலாம். கார்டு உயிரோடு இருக்கும்போதே ஒரு இமேஜ் (கார்டின் முழுப் பிரதி) எடுத்து வைத்துவிடுங்கள். இங்கே பலர் செய்யும் தவறு, கம்ப்யூட்டரில் தெரியும் ஃபைல்களை மட்டும் காப்பி செய்வது. சிஸ்டம், ரிகவரி, புத்தகம் என்று மூன்று பகுதிகள் உண்டு, அது மட்டுமல்ல, சிஸ்டத்தின் மையமான கெர்னலும் அந்தக் கருவிக்கே உரிய விவரங்களும் முதல் பகுதிக்கு முன்னால் எந்தப் பகுதியிலும் சேராத இடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. அதனால் கார்டு முழுவதையும், முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, ஒரே இமேஜாக எடுக்க வேண்டும். லினக்ஸில் டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கும் டிடி கட்டளை கொடுப்பவர்கள் எந்த டிஸ்க்குக்கு எழுதுகிறோம் என்பதை இரண்டு தடவை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள், ஒரு எழுத்து மாறினால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கே அழியும். மூடியைத் திறக்கக் கத்தி வேண்டாம், பிளாஸ்டிக் தகடு போதும், திரையை வளைக்காதீர்கள், அதன் உள்ளே கண்ணாடி.

கோரீடர் ஏற்றியதும் கோபோவின் புத்தகப் பட்டியலில் எங்கிருந்தோ நூற்றுக்கணக்கில் குட்டிப் படங்கள் வந்து நிற்கிறதா? மறைந்த ஃபோல்டர்களையும் கோபோ துழாவுவதால் வருவது. அமைப்பு ஃபைலில் எந்த ஃபோல்டர்களை விட்டுவிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கோரீடர் வழிமுறையிலேயே இருக்கிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கடைசியாக நம் எழுத்து. இத்தனையும் செய்வது தமிழில் படிக்கத்தானே. தமிழ் ஃபாண்ட் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. 'கெ' என்ற எழுத்தில் கொம்பு கம்ப்யூட்டருக்குள் ககரத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது, அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது படிக்கும் மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் எவ்வளவு நல்ல ஃபாண்ட் இருந்தும் கொம்பு இடம் மாறி நிற்கும். கோரீடரில் ஃபாண்ட் கெர்னிங் என்ற அமைப்பு 'பெஸ்ட்' என்பதில் இருக்க வேண்டும், அதில்தான் எழுத்தைக் கோக்கும் வேலை முழுதாக நடக்கிறது, பக்கம் வேகமாகத் திரும்பட்டும் என்று யாராவது 'ஃபாஸ்ட்' வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பழைய டிஸ்கி, பாமினி குறியீட்டில் தட்டிய கோப்பு என்றால் எந்த அமைப்பும் உதவாது, யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கொக்கு, கோழி, கௌதாரி, ஸ்ரீரங்கம், லை, ணை என்று அடித்து ரீடரில் போட்டுத் திறந்து பாருங்கள். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நின்று, புள்ளிகளால் ஆன வெற்று வட்டம் எதுவும் தலைகாட்டவில்லை என்றால் புத்தகங்களை ஏற்ற ஆரம்பிக்கலாம். முதலில் ஒரு பத்து ஏற்றுங்கள், 500 வேண்டாம்.