மிச்ச சீமெந்தும் தலவாக்கலை ஈரமும்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தென்மேற்கு மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். இஸ்தோப்புப் (முன் விறாந்தை) பூச்சில் மிஞ்சிய அரை மூட்டை சீமெந்தைத் தாள் பையோடு தரையில் விட்டால், காற்றிலுள்ள ஈரமே அதைக் கல்லாக்கிவிடும். தடித்த பொலித்தீன் பைகளில் சிறுசிறு பொட்டலமாக்கி, காற்றைப் பிதுக்கி, வாயை முறுக்கி ரப்பர் பட்டி போட்டேன். எல்லாம் மூடியுள்ள பழைய பெயின்ட் வாளிக்குள். வாளி பலகைமேல், சுவரில் ஒட்டாமல். தனித்தனிப் பொட்டலமாக்கியதுதான் காரியம்: ஒன்றைத் திறந்தால் மற்றதுக்கு ஈரம் படாது.

மழை விட்டபின் பார்த்தேன். விரலில் நசுக்கினால் மாவாகும் கட்டிகள்தான். சலித்து, குழாயடி ஓட்டையை அடைத்தேன். நசுங்காத கட்டி குப்பைக்கு. தூணுக்கும் பீமுக்கும் பழைய சீமெந்து வேண்டவே வேண்டாம், புதுசு வாங்குங்கள்.

மிச்ச எமல்ஷன் சுவர்ப் பெயின்டைச் சின்னப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, எந்தக் காம்பராவுக்கு (அறைக்கு) அடித்தது என்று மூடியில் எழுதிவிட்டேன். எண்ணெய்ப் பெயின்ட், தின்னர் மட்டும் அடுப்படிப் பக்கமே போகக்கூடாது.