மண்சுவர் அடி கரைகிறதா? நீங்களே சரிசெய்யலாம்

மண்வீடு பெரும்பாலும் அடியிலிருந்துதான் கெடும். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கிற இடத்தில், முழங்கால் உயரத்துக்குச் சுவர் அரித்துப்போயிருக்கும். சிமென்ட் வாங்கக் காசில்லையே என்று கவலைப்பட வேண்டாம். மண்சுவர்மேல் சிமென்ட் பூசினால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி, பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், சுவர் மண்ணையும் பிய்த்துக்கொண்டு. மண்ணுக்கு மண்ணே பொருத்தம்.

முதலில் தண்ணீரைத் திருப்புங்கள். இதை விட்டுவிட்டு எத்தனை முறை பூசினாலும் வீண். சுவரையொட்டிய தரை, மீட்டருக்கு 5 செ.மீ. வீதம் வெளிப்பக்கம் சரியட்டும். முடிந்தால் கூரை இரண்டடி வெளியே நீளட்டும். தண்ணீர் சொட்டும் இடத்தில் சரளைக்கல் பரப்பினால் தெறிப்பு குறையும்.

அடுத்து, மண். மேல்மண் வேண்டாம், அதில் வேரும் மக்கும் கலந்திருக்கும். கொஞ்சம் ஆழத்திலிருந்து எடுத்து, கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் படியும், அதன்மேல் வண்டல். களி படிய ஒரு நாளாவது ஆகும். களி அடுக்கே கண்ணில் படவில்லையென்றால் வேறு இடத்தில் தோண்டுங்கள்.

ஒரு பங்கு மண்ணுக்கு ஒன்று, இரண்டு, மூன்று பங்கு மணல் என மூன்று கலவை செய்யுங்கள். விரல்நீளம் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, ஓர் இரவு ஊறவிட்டு, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொன்றையும் அப்புங்கள். நன்றாகக் காய்ந்ததும் பாருங்கள்: வெடித்திருந்தால் மணல் போதாது. தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால் மணல் அதிகம். அவசரப்பட்டு இந்தச் சோதனையைத் தவிர்த்தேன் ஒருமுறை. சுவர் முழுக்க ஆமை ஓடு மாதிரி வெடிப்பு. மொத்தத்தையும் சுரண்டினேன்.

சரி, இனி பூச்சு. உதிரும் மண்ணைச் சுரண்டி, பள்ளங்களை முன்னதாகவே அடைத்துக் காயவிடுங்கள். சுவரை நனைத்துக்கொண்டு, கலவையை அழுத்தி ஒன்றரை செ.மீ. கனத்துக்குப் பூசுங்கள். ஈரமாக இருக்கும்போதே குச்சியால் கீறிவிட்டால்தான் அடுத்த பூச்சு பிடிக்கும். காய்ந்தபின் சலித்த மண்ணில் மெல்லியதாக இரண்டாவது பூச்சு. உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம்.

அப்புறம், விரும்பினால் சுண்ணாம்பு அடிக்கலாம். கண்ணில் பட்டால் புண்ணாக்கிவிடும், ஜாக்கிரதை.