திருட்டுப் படத்துக்குப் போட்ட பூட்டில் உங்கள் தளம் சிக்கினால்

2017 ஆகஸ்டில் இந்தியாவில் பலருக்கு ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ திறக்கவில்லை. பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன்கள் உட்பட ஏராளமான ஆவணங்களை இலவசமாகத் தரும் தளம் அது. இரண்டு இந்திப் படங்களின் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியபோது கொடுத்த 2,600-க்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. அந்தத் தளத்தை நடத்துகிறவர்களுக்கு முன்கூட்டி எந்தத் தகவலும் போகவில்லை.

வெளியான அன்றே புதுப் படத்தை ஏற்றிக் காசு பார்க்கும் தளங்களுக்காக இங்கே வாதாடவில்லை. அவற்றை மூடுவதில் நியாயம் இருக்கிறது. அவற்றோடு சேர்த்து நூலகத்தையும் மாணவர் குறிப்புகளையும் பூட்டுவதும், யார் பூட்டினார்கள் என்றே சொல்லாமல் விடுவதும்தான் அநியாயம். ‘படக்காரங்க நெனச்சா எதையும் மூடிடுவாங்க’ என்று பலரும் சலித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பூட்டுகள் சட்டப்படி அவ்வளவு உறுதியானவை அல்ல.

இத்தகைய உத்தரவுகளை நம் நீதிமன்ற வட்டாரத்தில் ‘அசோக் குமார்’ உத்தரவு என்பார்கள். திருடப்போவது யார் என்று தெரியாத நிலையில், ஒரு கற்பனைப் பெயரைப் பிரதிவாதியாக நிறுத்தி வழக்குப் போடுவார்கள். கூடவே இணையச் சேவை நிறுவனங்களையும் சேர்ப்பார்கள். எதிர்த்தரப்பில் வாதாட ஆளே இல்லாததால் வாதி கொடுக்கும் பட்டியல் பெரும்பாலும் அப்படியே உத்தரவாகிவிடுகிறது. ஒரு பட்டியலில் தவறான தளம் நுழைவது இப்படித்தான்.

முதலில், இது தடைதானா?

ஒரே நேரத்தில் குறைந்தது மூன்று இணைப்புகளில் சோதியுங்கள்: வீட்டு பிராட்பேண்ட், வேறு நிறுவனத்தின் மொபைல் டேட்டா, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர். வெளிநாட்டிலும் திறக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் சர்வர் கோளாறு. இங்கே ஒரு நிறுவனத்தில் திறந்து இன்னொன்றில் திறக்காவிட்டால் தடை என்று சந்தேகிக்கலாம். உத்தரவு எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி நிறைவேற்றுவதால் இந்த வேறுபாடு வரும்.

அடுத்து, கணினியில் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரியை மாற்றிப் பாருங்கள். மாற்றியதும் தளம் திறந்தால் தடை டி.என்.எஸ். அளவில் போடப்பட்டிருக்கிறது. மாற்றியும் இணைப்பு பாதியில் அறுந்தால், இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் அனுப்பும் தளப் பெயரைப் பார்த்து நிறுவனம் வெட்டுகிறது. இங்கே பலரும் ஏமாறுகிறார்கள். ‘அரசு உத்தரவுப்படி தடுக்கப்பட்டது’ என்ற பலகை ‘எச்.டி.டி.பி.’ தளங்களில்தான் தெரியும். தகவலைப் பூட்டி அனுப்பும் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ தளங்களில் அந்தப் பலகையை நிறுவனத்தால் நடுவில் செருக முடியாது. வெறும் இணைப்புப் பிழைதான் வரும். ஆகவே பலகை தெரியவில்லை என்பதற்காகத் தடை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

‘ஊனி புரோப்’ என்ற இலவசச் செயலி இந்தச் சோதனைகளைத் தானே செய்து தேதி, நேரம், நிறுவனப் பெயருடன் பதிவு செய்யும். முடிவுகள் பொதுவில் வெளியாகும் என்பதை அறிந்தே ஓட்டுங்கள். வி.பி.என். போட்டால் தளம் திறக்கலாம்; அது உங்கள் ஒருவருக்குத்தான் உதவும், தடை அப்படியே இருக்கும். ஒவ்வொரு சோதனையின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேமியுங்கள். பின்னால் மனுவில் இணைக்க வேண்டியது இதுதான்.

உத்தரவைத் தேடிப் பிடிப்பது

தடை விழுந்த தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று வாரங்களில் வெளியான பெரிய படங்களைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பு நிறுவனத்தின் பெயரை வாதியாக வைத்து உயர் நீதிமன்றத் தளத்தின் வழக்கு நிலைப் பகுதியில் தேடுங்கள். படத்தின் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. வழக்கு நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும். சென்னையில் ‘சி.எஸ்.’, டெல்லியில் ‘சி.எஸ். காம்’ என்று வழக்கு எண் தொடங்கும். சென்னை வழக்குகளில் பிரதிவாதிகளின் முதல் பெயர் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனமாக இருக்கலாம்.

கிடைத்த உத்தரவில் குறிப்பிட்ட பக்கங்களின் முகவரிகளை மட்டும் தடுக்கச் சொல்லியிருக்கிறதா, முழுத் தளத்தையுமா என்பதை முதலில் பாருங்கள். தடை எந்தத் தேதி வரை, புதிய முகவரிகளைப் பின்னால் சேர்த்துக்கொள்ள வாதிக்கு அனுமதி இருக்கிறதா என்பதும் முக்கியம். தளங்களின் பட்டியல் இணையத்தில் ஏற்றிய உத்தரவில் இல்லாமல் போகலாம். அப்போது வழக்கறிஞர் வழியாக அதன் நகல் கேட்டு மனு போட வேண்டும். வழக்கில் தரப்பாக இல்லாதவர் என்றால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

எந்த வழக்கு என்றே பிடிபடவில்லையா? மத்தியத் தொலைத்தொடர்புத் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். இணையவழிக் கட்டணம் 10 ரூபாய். உரை 3,000 எழுத்துக்குறிகளுக்குள் இருக்க வேண்டும். ‘ஏன் தடுத்தீர்கள்?’ என்று கேட்டால் ‘கருத்து தகவல் ஆகாது’ என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்:

1. இந்தத் தளத்தை முடக்குமாறு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இணையச் சேவை நிறுவனங்களுக்கு அனுப்பிய கடிதங்களின் நகல்.
2. அவற்றுக்கு அடிப்படையான நீதிமன்ற உத்தரவின் வழக்கு எண், தேதி, நகல்.
3. உத்தரவுடன் வந்த தளப் பட்டியலின் நகல்.
4. தடையை நீக்கச் சொல்லிப் பின்னர் அனுப்பிய கடிதங்கள் இருந்தால் அவற்றின் நகல்.

பதிலுக்கு 30 நாள் அவகாசம். வராவிட்டாலோ மறுத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். மறுப்பில் அதிகம் பார்க்கும் காரணம், 2009-ஆம் ஆண்டின் தடுப்பு விதிகளில் உள்ள 16-ஆம் விதி, அதாவது ரகசியம். மேல்முறையீட்டில் இதற்கு நேரடியான பதில் உண்டு. அந்த விதிகள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வந்தவை. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களே அந்தப் பிரிவில் உள்ளன. பதிப்புரிமை அதில் இல்லை. நீதிமன்றம் போட்ட உத்தரவுக்கு அந்த ரகசிய விதி பொருந்தாது என்று எழுதுங்கள்.

2023-க்குப் பிறகு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, திருட்டுப் படப் புகார்களை நேரடியாக வாங்கி 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லும் அதிகாரிகளைத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2023 நவம்பரில் நியமித்தது. எனவே நீதிமன்ற உத்தரவே இல்லாமலும் தடை வந்திருக்கலாம். அதே கேள்விகளை அந்த அமைச்சகத்துக்கும் தணிக்கை வாரியத்துக்கும் தனித்தனியே அனுப்புங்கள்.

பூட்டைத் திறப்பது

நேரே நீதிமன்றத்துக்கு ஓட வேண்டாம். உத்தரவில் வாதியின் வழக்கறிஞர் பெயர் இருக்கும். உங்கள் தளம் என்ன செய்கிறது, எந்தப் பக்கத்தில் அவர்கள் படம் இருப்பதாகச் சொல்கிறார்கள், அது இல்லை என்பதற்கு அல்லது நீக்கிவிட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, ஏழு நாளுக்குள் தடையை விலக்கிக்கொள்ளுமாறு கேளுங்கள். படம் ஓடி முடிந்த பிறகு வாதிக்கு உங்கள் மேல் அக்கறை இருக்காது. இரண்டு வரிக் கடிதத்தில் முடியும் வாய்ப்பு உண்டு. பதில் வராவிட்டாலும் அந்தக் கடிதம் மனுவுக்கு வலு.

மனுவில் கேட்க வேண்டியவை இரண்டு. உங்களை வழக்கில் தரப்பாகச் சேர்ப்பது ஒன்று (உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 1, விதி 10). தடையை நீக்குவது அல்லது மாற்றுவது இன்னொன்று (கட்டளை 39, விதி 4). எதிர்த்தரப்புக்கு அறிவிக்காமல் பெற்ற தடையில், வாதி முக்கியமான விவரத்தைத் தெரிந்தே பொய்யாகவோ திசைதிருப்பும் விதமாகவோ சொல்லியிருந்தால் அதை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதே அந்த விதியின் பொது நிலை. ‘இந்தத் தளம் முழுக்கத் திருட்டுப் படங்களே’ என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருந்தால் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுகள் இங்கேதான் பேசும்.

முன்தீர்ப்புகளில் முதலில் வைக்க வேண்டியது சென்னையுடையதே. 2012-இல் ‘3’ படத்தின் தயாரிப்பாளர் பெற்ற தடையால் விமியோ, பேஸ்ட்பின் போன்ற பொதுப் பயன்பாட்டுத் தளங்களே முழுதாக முடங்கின. இணையத்திலும் தெருவிலும் எதிர்ப்பு எழுந்தது. சேவை நிறுவனங்கள் விளக்கம் கேட்டுப் போனபோது, அந்த ஆண்டு ஜூன் 22 அன்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: தடை படம் இருக்கும் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கு அல்ல. 2016-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கௌதம் படேலும் சரிபார்க்காத பட்டியலை ஏற்க மறுத்தார்.

எதிர்த்தரப்பு எடுப்பது டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரல் 10 அன்று தந்த தீர்ப்பு. திருட்டையே தொழிலாகக் கொண்ட தளத்தை முழுதாக மூடலாம், அதன் நகல் தளங்களையும் பின்னர் சேர்க்கலாம் என்றது அது. ஆனால் அதே தீர்ப்பு, எந்தத் தளம் அப்படிப்பட்டது என்று பார்க்கச் சில அளவுகோல்களையும் வைத்தது: தளத்தின் முதன்மை நோக்கம் என்ன, நடத்துபவர் அடையாளத்தை மறைக்கிறாரா, நீக்கக் கோரும் கடிதங்களுக்குப் பதில் தருகிறாரா என்பன போன்றவை. தொடர்பு முகவரியும், புகார் வந்தால் நீக்கும் நடைமுறையும் உங்கள் தளத்தில் வெளிப்படையாக இருந்தால் இந்தத் தீர்ப்பு உங்களுக்கே உதவும். இரண்டையும் இன்றே முகப்பில் போட்டுவிடுங்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் நீக்கச் சொன்னால்

இதற்கு நடைமுறை வேறு. 2013-ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின் 75-ஆம் விதிப்படி புகார் எழுத்தில் வர வேண்டும். படைப்பு எது, உரிமை தமக்கு இருப்பதற்கான விவரம், நீங்கள் செய்தது சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கும் பயன்பாடு அல்ல என்பதற்கான விளக்கம், பக்கத்தின் முகவரி, நீதிமன்றம் சென்று 21 நாளுக்குள் உத்தரவு கொண்டுவருவோம் என்ற உறுதிமொழி என அனைத்தும் அதில் இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். 21 நாளில் உத்தரவு வராவிட்டால் மீண்டும் திறக்கலாம். அதே ஆள் அதே படைப்புக்காக அதே இடத்தைக் குறித்து மறுபடி புகார் கொடுத்தால் அதை ஏற்கும் கடமை உங்களுக்கு இல்லை. 21 நாள் கழித்துத் திறக்க மறந்துவிடுவதுதான் பெரும்பாலான தளங்கள் செய்யும் தவறு. புகார் வந்த நாளிலேயே காலண்டரில் குறியுங்கள்.

விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி, தனிப்பட்ட ஆய்வு ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ‘பத்து நொடி வரை போடலாம்’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அப்படி ஒரு வரம்பு சட்டத்தில் எங்குமே கிடையாது. வழக்குப் போடாமல் மிரட்டல் கடிதம் மட்டுமே அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு எதிராக 60-ஆம் பிரிவு உங்களுக்கே வழக்குத் தொடரும் உரிமை தருகிறது. இதை ஒரு வரியில் பதில் கடிதத்தில் எழுதினாலே பல மிரட்டல்கள் நின்றுவிடும்.

யூடியூபில் பொருந்துவது அமெரிக்கச் சட்டம். வீடியோவை நீக்கியது தவறு என்று எதிர் அறிவிப்பு கொடுத்தால் புகார்தாரருக்கு 10 வேலை நாள் அவகாசம். வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும். ஆனால் உங்கள் பெயரும் முகவரியும் புகார்தாரருக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்பையும் நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். யோசித்து அனுப்புங்கள்.

சட்டம் எழுதப்படும் இடத்தில்

பதிப்புரிமைச் சட்டம் யாருக்காக நீள்கிறது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. தாகூரின் படைப்புகளுக்கான உரிமை 1991 டிசம்பர் 31 அன்று முடிய வேண்டும். விஸ்வபாரதியின் கோரிக்கைக்கு இணங்கி டிசம்பர் 28 அன்று ஓர் அவசரச் சட்டம் வந்தது. ஆசிரியர் இறந்தபின் 50 ஆண்டு என்றிருந்த காலம் எல்லோருக்கும் 60 ஆனது. அன்றைய சென்னை மாகாண அரசோ 1949-இலேயே பாரதியின் படைப்புரிமையை வாங்கியது; பின்னர் அது பொதுவாக்கப்பட்டது. இரண்டையும் முடிவு செய்தது அரசியல்தான். முடிவெடுக்கும் அறையில் யார் குரல் கேட்டது என்பதே வேறுபாடு.

மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாள் பொதுக் கருத்துக்கு வைக்க வேண்டும். 2021 ஜூன் 18 அன்று வந்த ஒளிப்பதிவுச் சட்டத் திருத்த வரைவுக்கு ஜூலை 2 வரைதான் அவகாசம் தந்தார்கள். திருட்டுத் தடுப்போடு, தணிக்கை முடிந்த படத்தையும் மீண்டும் பரிசீலிக்கச் சொல்லும் அதிகாரத்தையும் அதில் சேர்த்திருந்தார்கள். கமல்ஹாசன், சூர்யா உட்பட நாடெங்கும் திரைக்கலைஞர்கள் எதிர்த்தனர். 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த அதிகாரம் இல்லை.

கருத்து அனுப்பும்போது பொதுவான கோபத்தை எழுதினால் எண்ணிக்கையில் சேரும், அவ்வளவே. பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். அதனால் யாருக்கு என்ன நடக்கும் என்று உங்கள் சோதனைப் பதிவுகளோடு காட்டுங்கள். மாற்றாக என்ன வாசகம் வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். உதாரணமாக, தடுக்கப்படும் ஒவ்வொரு பக்கத்திலும் வழக்கு எண்ணும் முறையிடும் முகவரியும் காட்டப்பட வேண்டும். தடைப் பட்டியல் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். படம் வெளியாகிக் குறிப்பிட்ட காலத்தில் தடை தானாகக் காலாவதியாக வேண்டும். இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவகாசம் 30 நாளுக்குக் குறைவாக இருந்தால் அதையே முதல் ஆட்சேபமாக வையுங்கள்.

மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனால் நாடாளுமன்றச் செயலகம் விளம்பரம் கொடுத்துக் குறிப்பாணை (எழுத்துவழிக் கருத்து) கேட்கும். பதிப்புரிமை வணிக அமைச்சகத்தின் கீழும், திரைப்படம் தகவல் ஒலிபரப்பின் கீழும் வருவதால் குழுக்கள் வேறு வேறு. விளம்பரத்தைப் பார்த்து அனுப்புங்கள். நேரில் சாட்சியம் சொல்ல விருப்பம் இருந்தால் கடிதத்திலேயே எழுத வேண்டும். குழுவுக்குக் கொடுத்த குறிப்பாணை குழுவின் ரகசிய ஆவணமாகிவிடும். அதைப் பெருமையாக இணையத்தில் போட்டால் நாடாளுமன்ற உரிமை மீறல் பிரச்சினை வரும். அதே கருத்தை வெளியே சொல்ல நினைத்தால், அனுப்புவதற்கு முன்பே தனிக் கட்டுரையாக எழுதி வெளியிட்டுவிடுங்கள்.