கருப்பியின் விமானப் பயணம்: முதலில் சிப், பிறகுதான் ஊசி

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில், மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டிதான் கருப்பி. ஆறு வருஷமாக எங்கள் வீட்டுப் பிள்ளை. எனக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததும், "நாட்டு நாய்தானே, யார்கிட்டயாவது விட்டுட்டுப் போயேன்" என்று சொல்லாதவர்கள் இல்லை. எனக்கு மனசு வரவில்லை. கூட்டிக்கொண்டுதான் போனேன். ஆனால் தேதி விஷயத்தில் நடந்த ஒரு பிசகால் இரண்டரை மாதம் அவள் என்னைப் பிரிந்து இருக்கும்படி ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் அப்படி நடக்கக்கூடாது.

இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றிய நாடு எதற்குப் போனாலும் வரிசை ஒன்றுதான். முதலில் மைக்ரோசிப், அதாவது நாயின் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரத்தில், 15 இலக்க எண் கொண்டதாக இருக்க வேண்டும். அதே நாளிலோ அதற்குப் பிறகோ ரேபிஸ் ஊசி. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு (IU) அல்லது அதற்கு மேல் வர வேண்டும். பிறகு ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ரிசல்ட் வந்த தேதியிலிருந்து அல்ல, ரத்தம் எடுத்த தேதியிலிருந்து. ஆக, எல்லாம் சரியாக நடந்தாலே நாலு மாதம். நான் ஆறு மாதம் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எங்கள் பிசகு இந்த வரிசையில்தான். பக்கத்துக் கிளினிக்கில் சிப் ஸ்டாக் இல்லை. "ஊசியைப் போட்டுடலாம், சிப் வந்ததும் வைக்கலாம்" என்றார்கள். சரி என்றேன். மே 14 ஊசி, மே 16 சிப். ஜூன் கடைசியில் ரத்தம் எடுக்க வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் ஊசிப் புத்தகத்தைப் புரட்டி, இரண்டு தேதிகளின் மேலும் விரலை வைத்து, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "இந்த ஊசி கணக்குல வராதும்மா" என்றார். சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை, அவ்வளவுதான் காரணம். மறுபடி ஊசி, மறுபடி 30 நாள், மறுபடி மூன்று மாதம். ஜூலை 28-ல் ரத்தம் எடுத்தோம். அப்படியென்றால் அக்டோபர் 28-க்கு முன் கிளம்ப முடியாது. அக்டோபர் 1-ல் எனக்கு வேலை. கருப்பியை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

அம்மாவால் யாரிடமாவது கொடுத்தனுப்பவும் முடியாது. நாய் உரிமையாளர் கூடவே போக வேண்டும். அல்லது நாய்க்கும் உரிமையாளருக்கும் பயணத்தில் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. அதைத் தாண்டினால் வியாபாரத்துக்கு அனுப்பும் விலங்குக்கான விதிகள் வந்துவிடும். அதனால் டிசம்பரில் லீவு போட்டு நானே வந்தேன்.

ஊசி போடும் அன்றைக்கே டாக்டரிடம் ரீடரை வைத்துச் சிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். 15 எண்ணையும் ஒவ்வொன்றாகப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எந்தக் காகிதத்தில் அந்த எண் வந்தாலும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது பெட்டி. விமானக் கேபினில் கூடவே வைத்துக்கொள்ள, அனுமதிக்கும் நிறுவனங்களிலும் பெரும்பாலும் பையோடு சேர்த்து 7, 8 கிலோதான். கருப்பி 17 கிலோ. கீழே, சரக்குப் பகுதியில்தான் போக வேண்டும். அங்கே காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் பகுதியைப் போலவே பராமரிக்கப்படும் என்று தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. பெட்டிக்கு அளவு எடுப்பது இப்படி: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஒரு நீளம்; தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை ஒரு உயரம். நீளத்தோடு அந்த உயரத்தில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். கருப்பிக்கு 72-ம் 15-ம் சேர்த்து 87 செ.மீ. அகலம், தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம், நிற்கும்போது காது நுனி வரை, அதோடு விரிப்பின் கனமும். நின்று, திரும்பி, காலை நீட்டிப் படுக்க முடிய வேண்டும்.

பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் என்றால் பெட்டி இன்னும் பத்து சதவீதம் பெரிதாக வேண்டும். அவற்றுக்கு உஷ்ணத்தில் சீக்கிரம் மூச்சுத் திணறும். பல நிறுவனங்கள் ஏற்றுவதே இல்லை. டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள்.

பெட்டியை வாங்கி மாடியில் வைத்துவிடாதீர்கள். நாங்கள் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே கூடத்தில் வைத்தோம், கதவைக் கழற்றிவிட்டு. முதல் வாரம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. சுவரை ஒட்டி ஒதுங்கிப் போவாள். அம்மா தன் பழைய சுங்குடிச் சேலையை நாலாய் மடித்து உள்ளே விரித்து, தயிர்சாதக் கிண்ணத்தை வாசலில் வைத்தார். மறுநாள் ஒரு சாண் உள்ளே. அதற்கடுத்த நாள் இன்னும் ஒரு சாண். பத்தாம் நாள் மத்தியானம் கருப்பி தானாகவே உள்ளே போய்ச் சுருண்டு படுத்திருந்த போட்டோவை அம்மா எனக்கு அனுப்பினார். பிறகுதான் கதவை மாட்டி, ஐந்து நிமிஷம், அரை மணி, இரண்டு மணி என்று பழக்கினார். பயத்தில் பல்லால் கம்பியைக் கடித்து ரத்தம் வரவைத்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. இந்தப் பழக்கம் ஒன்றுதான் அதற்கு மருந்து. தூக்க மாத்திரை கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தமும் உடல் சூடும் தடுமாறும், பெட்டி ஆடும்போது சமாளித்து நிற்க முடியாது. கீழே பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடையாது.

முடிந்தவரை நேரடி விமானம் பிடியுங்கள். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு இருக்கிறது, நள்ளிரவுக்கு மேல் கிளம்பும். வெயில் நேரத்தில் ஓடுதளத்தில் பெட்டி காத்துக்கிடக்காது. நாய்க்கு இடம் உறுதியான பிறகே உங்கள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுங்கள். ஒரு விமானத்தில் சில பெட்டிகளுக்குத்தான் இடம்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஊசிப் புத்தகம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், டாக்டரின் உடல்தகுதிச் சான்று, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாவற்றிலும் இரண்டு நகல். நாயையும் கூட்டிப்போங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சுகாதாரச் சான்றிதழ் கையெழுத்தான நாளிலிருந்து 10 நாளுக்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும். அதனால் ரொம்ப முன்கூட்டியும் வாங்கக்கூடாது.

பிரிட்டன் என்றால் கதை வேறு: பயணியின் லக்கேஜாக இல்லாமல், தனிச் சரக்காக, அதாவது கார்கோவாகத்தான் அனுப்ப வேண்டும், போய்ச் சேருவதற்கு 24 மணி முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும்.

கிளம்பும் அன்றைக்குச் சாப்பாட்டை நாலைந்து மணி நேரம் முன்பே, பாதி வயிற்றுக்குக் கொடுங்கள். பெட்டிக் கதவில் மாட்டும் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி முந்தின நாளே ஃப்ரீசரில் வையுங்கள். ஏற்றும்போது கொட்டாது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உருகும். விமான நிலையத்தில் ஸ்கேன் செய்யப் பெட்டியைக் காலி செய்யச் சொல்வார்கள். கழுத்துப்பட்டையும் கயிறும் கைப்பையில் இருக்கட்டும்.

ஃபிராங்க்ஃபர்ட்டில், சுங்கத்தில் காட்ட வேண்டியது உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சுங்க அதிகாரியிடம் காகிதங்களைக் கொடுத்தேன். ரீடரைக் கருப்பியின் கழுத்தருகே வைத்தார், எண்ணைப் பார்த்தார், தலையசைத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தச் சேலையைப் போன உடனே துவைத்துப் போடாதீர்கள். புது வீட்டில் மெத்தை வாங்கி வைத்திருந்தேன். கருப்பி அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் அந்தச் சுங்குடியில்தான் படுத்தாள்.