ஏற்காட்டுச் சரிவில் ஓடும் மின் டிராக்டருக்குப் பேட்டரியும் விளக்கும்

மார்கழியில் மாலை ஐந்தரை மணிக்கே ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் மூடுபனி இறங்கிவிடுவதால், எரு ஏற்றிச் செல்லும் சிறு டிராக்டருக்கு விளக்கு கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த விளக்குக்கு எங்கிருந்து வயர் எடுக்கிறோம் என்பதிலேயே பேட்டரியின் ஆயுள் அடங்கியிருக்கிறது. 48 வோல்ட் வண்டி ஒன்றை வைத்து வரிசையாக விளக்குகிறேன்.

முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். மோட்டார் சராசரியாக 1,500 வாட் இழுக்கிறது என்றால், ஒரு மணி நேர வேலைக்கு ஒன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்தால் 48 × 100 = 4,800 வாட்-மணி, அதாவது 4.8 யூனிட் இருக்கும். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் குறையும் என்பதால் நமக்குப் பயன்படுவது 2.4 யூனிட்தான். அதிலும், பேட்டரியின் மேல் அச்சிட்ட ஏஹெச் பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவாகும். மோட்டார் 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அவ்வளவு கிடைக்காது. ஆகவே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓடும் என்று மட்டும் எதிர்பாருங்கள்.

அடுத்து வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கார் பேட்டரி நொடி நேரம் ஸ்டார்ட் செய்வதற்கானது என்பதால் இதற்கு உதவாது. வீட்டு இன்வெர்ட்டரின் உயரமான டியூபுலர் பேட்டரி சேலத்துச் சமவெளியில் ஒருவேளை சரிப்படலாம். மலைச் சரிவில் வண்டி சாயும்போது அமிலம் கசியும், எடையும் மேலே நிற்கும். கைச்செலவைக் குறைக்க நினைப்பவர் இ-ரிக்‌ஷா பேட்டரிகளை வாங்கலாம். நான்கும் ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஒரே தயாரிப்பு மாதமாக இருக்க வேண்டும். பணம் இருந்தால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியே என் தேர்வு. எடை பாதிக்கும் குறைவு, 80 சதவீதம் வரை தயங்காமல் பயன்படுத்தலாம். ஆனால் அதன் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று) தொடர்ந்து தாங்கும் ஆம்பியர், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் இழுக்கும் உச்ச ஆம்பியரைவிடக் குறைவாக இருந்தால், ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிடும்.

இனி விளக்கு. என் முதல் வண்டியில், நான்கில் கடைசி பேட்டரியின் இரு முனைகளிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து விளக்கை எரித்தேன். ஐந்து மாதம் கழித்து, இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து மீட்டரை வைத்தபோது, மூன்று பேட்டரிகள் 12.7 வோல்ட் காட்டின. அந்த ஒன்று மட்டும் 12.1 காட்டியது. தொடரில் சார்ஜர் நான்குக்கும் ஒரே மின்னோட்டத்தைத்தான் அனுப்பும் என்பதால், கூடுதலாக இழந்தது ஒருபோதும் நிரம்பவில்லை. மற்ற மூன்றும் தேவைக்கு மேல் ஏற்றப்பட்டன. ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினாலும் ஜோடி சேராது என்பதால் நான்கையும் மாற்ற வேண்டியதாயிற்று.

ஆகவே மொத்த 48 வோல்ட்டிலிருந்து, வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாகவே 12 வோல்ட் எடுங்கள். சார்ஜ் ஏறும்போது நான்கு பேட்டரிகளும் சேர்ந்து 57.6 வோல்ட் வரை போகும். 60 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள். 18 வாட் எல்இடி இரண்டுக்கு 3 ஆம்பியர் போதும்; ஹாரனுக்கும் சேர்த்து 10 ஆம்பியர் வகை தாராளம். 12 வோல்ட் பக்கம் விளக்கு வயருக்கு 5 ஆம்பியர் கார் பியூஸ் போடலாம். 48 வோல்ட் பக்கம் அதைப் போடவே கூடாது, ஏனெனில் சாதாரண கார் பியூஸ் 32 வோல்ட்டுக்கானது. உருகிய பிறகும் தீப்பொறி தொடரக்கூடும். 60 வோல்ட் டிசிக்கு மேல் குறிப்பிட்ட பியூஸைப் பேட்டரி முனைக்கு மிக அருகில் பொருத்துங்கள்.

விளக்கை முழங்கால் உயரத்தில், அகன்று தட்டையாக ஒளி விழும்படி மாட்டுங்கள். கூரையில் மாட்டினால் பனித்துளிகள் ஒளியைக் கண்ணுக்கே திருப்பி அனுப்பி, எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியது போலாகிவிடும். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். கண் கூசுவது குறையலாம், அவ்வளவுதான். தூசியும் நீரும் புகாது என்பதற்கான ஐபி67 குறியும், பின்புறம் ஒரு சிவப்பு விளக்கும் அவசியம்.

இணைக்கும் முன் மோதிரத்தைக் கழற்றி, ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பத்து நிமிடம் ஏற்றத்தில் ஓட்டி, மெயின் சுவிட்சை அணைத்த பின், ஒவ்வொரு லக்கின் (வயர் நுனியில் மாட்டிய உலோக முனை) அருகிலும் வயரின் உறையைத் தொட்டுப் பாருங்கள். எங்கேனும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது, அதை முறுக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.